ஒரு வாரம்கூட ஓடாத படம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மகளுக்கு மட்டும் சளி விட்டு விட்டு வருகிறது. குளிர் விலகினால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். உங்கள் முட்டிவலி எப்படி? அண்ணன் எப்படி இருக்கிறார்? நான் போட்ட கடைசிக் கடிதங்களுக்கெல்லாம் நீங்களே பதில் எழுதியிருந்தீர்கள். அண்ணனுக்கு என் மேல் வருத்தமா? "வரேன் வரேன்னு சொல்லியே ஏமாத்தறான்" என்று திட்டியிருப்பார். திட்டட்டும். இந்தக் கடிதத்தைக் கேட்டால் மனம் மாறிவிடும். அவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

நான் வேலை செய்கிற கூடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, அறுந்த இடங்களை ஒட்டி, புதுப் பிரதி எடுத்து வைக்கிற இடம். போன வாரம் மூடிப்போன விநியோகக் கம்பெனி ஒன்றின் கிடங்கைக் காலி செய்து, துருவேறிய டப்பாக்களை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதிக்கு மேல் உள்ளே பிசுபிசுத்துப் போய் ஒரே வாடை. ஒரு டப்பாவில் மட்டும் சுருள் நன்றாக இருந்தது. நுனியைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். படகுத்துறை. சீட்டு கொடுக்கிற ஜன்னல். உள்ளேயிருந்து நீளும் ஒரு பெண்ணின் கை.

அண்ணி, அண்ணன் சொல்லிச் சொல்லிக் கேட்ட காட்சி அது, நம் 'அக்கரைச் சீட்டு'! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படம் வெளியானபோது நான் விடுதியில் இருந்தேன். பரீட்சை முடிந்ததும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை போட்ட படத்தைப் புதன்கிழமையே தூக்கிவிட்டு, வேறு படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். அண்ணன் எடுத்த ஒரே படத்தை இத்தனை வருடம் கழித்து, என் வேலை மேஜையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சீட்டு கொடுக்கிற அந்த அம்மா ஒவ்வொருத்தரிடமும் "போக மட்டுமா, வரவும் சேர்த்தா?" என்று கேட்கிறாள். கடைசியில் அவள் மகனே வரிசையில் வந்து நின்று "போக மட்டும்" என்கிறபோது சுருளை நிறுத்தி அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இதையா ஒரு வாரம்கூட ஓடவிடவில்லை?

இங்கே அக்டோபரில் ஒரு விழா நடத்தி, நல்ல படமாக இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்காமல் போன படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடப் போகிறார்கள். நான் இந்தப் படத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். நம் ஊரில் ஓடாததால், விநியோகக்காரர் பிறகு இந்தப் பிரதியின் கடைசி ரீலை வெட்டி, ஒரு அழுகைப் பாட்டைச் செருகி, மகன் திரும்பி வருவதுபோல் முடித்து இந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வெட்டின துண்டுகள் சின்ன டப்பா ஒன்றில் கலந்து கிடக்கின்றன: மகனின் கை, காலி ஜன்னல், போகிற படகு, அம்மாவின் முகம், வேறு ஒருவரின் கை. எது முன்னே, எது பின்னே? அண்ணன் சொன்னால்தான் உண்டு. கேட்டு எழுதுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைக்குச் சளி இருந்தால் தலையை நனைக்க விடாதே. என் முட்டி என்னோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறது, பழகிவிட்டது.

உன் அண்ணன் சௌக்கியம். கை கொஞ்சம் நடுங்குவதால் எழுதப் பிடிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். உன் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. சாயங்காலம் என்னோடுதான் நடக்கப் போகிறார். இந்தத் தெருவில் திருட்டு அதிகமாகிவிட்டது என்று வாசல் கதவுக்கு மேலே, எட்டாத உயரத்தில், இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை.

கடைசி ரீல் பற்றி அண்ணன் சொல்வது: மகனின் கை சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகட்டும். பிறகு காலி ஜன்னல். பார்ப்பவர்கள் 'சரி, முடிந்துவிட்டது' என்று இருக்கையில் அசைகிற வரைக்கும் அதை விட்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த ஆளின் கை வரட்டும். அவள் அதே குரலில் "போக மட்டுமா, வரவும் சேர்த்தா?" என்று கேட்பதோடு படம் முடிகிறது. அம்மாவின் முகத்தைக் காட்டக் கூடாது. படகையும் காட்டக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து படகு தெரியாது. அவளுக்குத் தெரியாததை நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

அவ்வளவுதான் சொன்னார். மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே இருவரும்? மகளின் சளி போய்விட்டது. இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் சொன்னபடியே ஒட்டிப் பார்த்தேன். கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான், எந்தப் படத்தைப் பார்த்தாலும் கொட்டாவி விடுகிறவன். காலி ஜன்னல் வந்ததும் எழுந்திருக்கப் போனான். அடுத்த கை வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "யார்ரா இதைப் பண்ணது?" என்றான். "எங்க அண்ணன்" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

இன்னொன்று கேட்க வேண்டும். மகன் "போக மட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஏதோ சொல்கிறான். அந்த நேரம் பார்த்துப் படகின் சங்கு ஊதுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. சங்கொலியைக் குறைத்து அவன் குரலை மேலே கொண்டுவர இப்போது வழியிருக்கிறது. செய்யட்டுமா?

இதைக் கடிதத்தில் கேட்பதைவிட அண்ணனிடமே பேசிக் கேட்டால் நன்றாக இருக்கும். உங்கள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வீட்டில் போன் இருக்கிறதல்லவா? ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். அண்ணனைக் கொஞ்சம் அங்கே அழைத்துவந்து உட்கார வையுங்கள். அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

காத்திருக்கிற
தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் சளி தேவலையா? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

அன்று போனில் நான் மட்டும் பேசியதில் உனக்கு ஏமாற்றம் என்று குரலிலேயே தெரிந்தது. உன் அண்ணனுக்கு அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து பேசுவது பிடிக்காது. உனக்குத் தெரியாத குணமா? வற்புறுத்தினால் கோபம் வருகிறது.

சங்கொலியைக் குறைக்க வேண்டாம். மகன் சொல்வது கேட்கவே கூடாது. அவன் என்ன சொன்னான் என்று அவளுக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மகனிடம் "என்ன சொன்னே?" என்று கேட்க அவளுக்கு நேரம் இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது. பெற்றவளுக்கே கேட்காதது மற்றவர்களுக்கு எதற்கு?

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இதையெல்லாம் இப்போது தோண்டித்தான் ஆக வேண்டுமா? படத்தைத் தூக்கின அன்று உன் அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தவர். எழுந்து ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குப் போகவே வருடக்கணக்கில் ஆயிற்று. அதுவரை என் தட்டச்சு வேலைதான் சோறு போட்டது. தெருவில் சினிமா போஸ்டர் இருந்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார். நானும் கூடவே தெருவைக் கடப்பேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் சினிமாவைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்போது நீ வாரிக்கொண்டு வந்து கொட்டுகிறாய்.

ஆனால் கேட்பதை நிறுத்தாதே. தெரிந்ததைச் சொல்கிறோம்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்றெல்லாம் நிதானமாக எழுதப் பொறுமையில்லை. தேர்வாகிவிட்டது! அதுவும் முதல் நாள், முதல் படம்.

தேர்வுக் குழுவில் ஒரு பெண் விமர்சகர் இருக்கிறார். யாரையும் லேசில் பாராட்டாதவர். கடைசி ரீலை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். "இந்த மனுஷன் ஒரு படத்தோட ஏன் நிறுத்திட்டார்?" என்றார்.

உங்கள் இருவருக்கும் விமான டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படம் தொடங்கும் முன்னால் அண்ணன் மேடையில் கொஞ்சம் பேச வேண்டும். அவருக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும்! அழைப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. அண்ணன் சம்மதம் என்று கைப்பட இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நடுங்கினாலும் பரவாயில்லை, கோணலாக இருந்தாலும் அது அவர் கையெழுத்து.

மகள் இப்போதே பெரியம்மாவுக்கு எந்தக் கம்பளி என்று எடுத்து வைக்கிறாள். அவள் உங்களைப் பார்த்ததே இல்லை. நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உடனே பதில் போடுங்கள்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார்களோ என்னவோ. உடம்புக்கு ஏதாவதா? இங்கே அண்ணனின் கையெழுத்து வராமல் வேலை நிற்கிறது.

நம் ஒளிப்பதிவாளர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று தெரிந்து, முகவரி தேடிப் பிடித்தேன். அந்தப் படத்தில் கேமரா பிடித்தவர் அவர்தானே. அண்ணனைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பழைய சிநேகிதரைப் பார்த்தால் அண்ணனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கவலையுடன்
தம்பி


ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தான், பயப்படாதே. பதில் எழுதாதது என் சோம்பல்.

எங்களால் வர இயலாது. என் முட்டி அவ்வளவு தூரப் பயணத்துக்கு ஒத்துழைக்காது. என்னை விட்டுவிட்டு அவர் வர மாட்டார். குழுவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. கம்பளியைக் குழந்தையே போட்டுக்கொள்ளட்டும்.

ஒளிப்பதிவாளர் வந்திருந்தார். காப்பி சாப்பிட்டார். உன் அண்ணன் அவரோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு,

ஒளிப்பதிவாளர் எனக்குப் போன் செய்தார். பேச ஆரம்பித்துப் பேச முடியாமல் அழுதார்.

கதவைத் திறந்ததும் அண்ணன் அவரைப் பார்த்து, "மீட்டர் பாக்க வந்தீங்களா? பின்பக்கம் இருக்கு" என்றாராம். இவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அண்ணனும் சிரித்திருக்கிறார். பிறகு காப்பி குடிக்கும்போதும் மீட்டர் நிறைய ஓடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தாராம். தம்பி என்று என் பேச்சை எடுத்தபோது, "எனக்குத் தம்பி கிடையாது, நான் ஒரே பிள்ளை" என்றாராம். நீங்கள் சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லையாம்.

எவ்வளவு நாளாக, அண்ணி? எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் அந்நியனா? அவர் என்னை வளர்த்தவர். என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்தவர் நீங்கள். வாசலில் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டேன் என்று நீங்கள் எழுதினபோது, திருடனுக்குப் பயந்து என்று நானும் நம்பினேனே. உள்ளே இருக்கிறவர் வெளியே போய்விடக் கூடாது என்றா அது?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். அண்ணன் வாயைத் திறந்தால் 'நான்' என்றுதான் ஆரம்பிப்பார். 'நான் அங்க கேமராவை வெச்சேன், நான் அந்தப் பையனை நிக்கச் சொன்னேன்.' அவர் சொன்னதாக நீங்கள் எழுதியதில் ஒரு 'நான்' கூட இல்லை. அவருக்கு என்னையே ஞாபகம் இல்லை என்றால், காலி ஜன்னலை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எனக்குச் சொன்னது யார்?

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபம் நியாயம். நீ இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முடி வெட்டப் போனவர் திரும்பும்போது தெரு முனையில் நின்றுவிட்டார். எந்த வீடு என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அது ஆயிற்று இரண்டு வருடத்துக்கு மேல். ஆரம்பத்தில் மறதி வரும், போகும். தெளிவாக இருந்த ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சின்னவனுக்கு மட்டும் சொல்லாத. அவன் ஒருத்தன்தான் இன்னும் என்னைப் பெரிய ஆளா நினைச்சுட்டு இருக்கான். அது அப்படியே இருக்கட்டும்" என்றார். சரி என்று சொன்னேன். அவர் என்னிடம் வாங்கின கடைசி வாக்கு அது. அதை மீற எனக்கு மனம் வரவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தை அவருக்கு வாசித்துத்தான் காட்டினேன். "படகா? யாரு போறாங்க?" என்றார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எடுப்பேன், படிப்பேன், வைப்பேன். பிறகு நானே எழுதினேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறாய். படம் பாதி இருக்கும்போது எடிட்டர் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். பெரிய பெயர் உள்ளவர், திரும்பி வரவில்லை. உன் அண்ணன் எடுத்ததையெல்லாம் மலை மாதிரி குவித்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வேலை முடிந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்த இடத்துல அவ முகம் எதுக்கு?" என்று கேட்டேன். "எடுத்துப் பாரேன்" என்றார். எடுத்துப் பார்த்தோம். அப்படித்தான் ஆரம்பித்தது. படம் முடிகிற வரைக்கும் அந்த அறையில் நான்தான் வெட்டினேன், நான்தான் ஒட்டினேன். ஜன்னல் இல்லாத அறை, கத்தரி, பசை, தரையெல்லாம் துண்டு. அவர் பின்னால் நின்று பார்ப்பார். சில இடத்தில் சண்டை வரும். படகைக் காட்டியே ஆக வேண்டும் என்று அவர் மல்லுக்கு நின்றார். நான் விடவில்லை. தம்பி, என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அவைதான்.

டைட்டில் எழுதக் கொடுத்துவிட்டு வந்த அன்று, "உன் பேரைக் குடுத்திருக்கேன்" என்றார். முதல் காட்சிக்குப் போனோம். விளக்கு அணைந்தது. எடிட்டிங் என்று வந்த இடத்தில், பாதியில் போன அந்தப் பெரியவரின் பெயர் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விநியோகக்காரர் மாற்றினாரா, இல்லை இவரே மாற்றச் சொன்னாரா? அன்று கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் படத்தையே தூக்கிவிட்டார்கள். ஆள் நொறுங்கிப் போய்ப் படுத்திருக்கும்போது 'என் பேர் எங்கே' என்று எந்த முகத்தோடு கேட்பது? கொஞ்சம் தேறட்டும், கேட்கலாம் என்று விட்டேன். தேறினபோது சினிமாப் பேச்சே கூடாது என்று ஆகிவிட்டது. இப்போது கேட்கலாம் என்றால், பதில் சொல்ல வேண்டியவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்னை யார் என்று கேட்கிறார்.

நான் பொய் எழுதினேன்தான். ஆனால் சங்கொலியைப் பற்றி நீ கேட்ட கடிதம் வந்த அன்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒருவன் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கிறான் என்று. நீ கேட்டது அவரிடம்தான். இருந்தாலும்.

சாப்பிடுகிறார், தூங்குகிறார். அடம் குறைந்துவிட்டது. நீ வருத்தப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவியும் படித்தாள்.

மன்னிப்பு கேட்க வேண்டியது நான். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். படம் முடிந்ததும் விடுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் வருகிறேன்.

உங்கள் பெயரைப் போட வேண்டும் என்று குழுவில் கேட்டேன். கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். மறுத்துவிட்டார்கள். பழைய படத்தின் டைட்டிலை மாற்றுவதென்றால் அந்தக் காலத்து அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் இயக்குநர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அந்த எடிட்டர் இறந்துபோய்விட்டார். ஒளிப்பதிவாளரிடம் கேட்டேன். "அவங்க சாப்பாடு கொண்டு வருவாங்கன்னுதான்பா எனக்குத் தெரியும். அந்த ரூமுக்குள்ள நான் போனதில்லையே" என்றார். அவர் மேல் குற்றமில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

கடைசியில், விழா மலரில் 'இயக்குநருக்கு உறுதுணையாக இருந்த மனைவிக்கு நன்றி' என்று போடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒன்றுமே போடாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. சரியா, தப்பா என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணனை ஒருமுறை நெற்றியில் தொட்டுவிடுங்கள், எனக்காக.

தம்பி


அக்டோபர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

என் செப்டம்பர் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் நலம்.

படம் போட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், அரங்கில் பாதி காலி. வெளியே நல்ல மழை. மேடையில் அந்தப் பெண் விமர்சகர் பேசினார். இயக்குநர் உடல்நலமில்லாததால் வரவில்லை என்றார். கடைசியில் அந்த இன்னொரு கை ஜன்னலுக்குள் வந்தபோது கிளம்ப எழுந்தவர்கள்கூடத் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். நான் யாருக்கு வணக்கம் சொல்வது என்று தெரியாமல் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு பத்திரிகையில் ஒரு சின்னப் பத்தி வந்தது. அண்ணன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. 'படத்தொகுப்பு வியக்க வைக்கிறது' என்று எழுதி, அந்தப் பெரியவரின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்தியை உங்களுக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

படத்தை வீடியோ கேசட்டில் பதிந்து தனியாக அனுப்பியிருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் வீட்டில் பிளேயர் இருக்குமென்று நினைக்கிறேன். அண்ணனுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பாருங்கள்.

தம்பி


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் மூவரும் சுகமா? இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. துணி காயவில்லை, என் முட்டியும் மடங்கவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நன்றி வேண்டாம் என்று சொன்னது சரிதான். உடனே எழுதாததற்குக் காரணம், சரி என்று எழுதவும் அன்று மனம் வரவில்லை. உறுதுணை என்றாவது போட்டிருக்கலாமே என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, அவரே டிவியையும் பிளேயரையும் தூக்கிவந்து நம் வீட்டுக் கூடத்தில் வைத்து மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் இருக்கட்டும், எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

உன் அண்ணன் எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். கதவு வரைக்கும் போவார், தாழ்ப்பாளைப் பார்ப்பார், திரும்பி வருவார். படம் ஓட ஆரம்பித்ததும் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குத் திரையைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஒரு தரம் "லைட்டு கொஞ்சம் கம்மி" என்றார். இன்னொரு தரம் மகனாக வருகிற அந்தப் பையனைப் பார்த்து, "தலையைத் தூக்காத, தூக்காத" என்று முணுமுணுத்தார். அவன் தூக்கவில்லை. தலையாட்டிக்கொண்டார்.

முடிந்ததும் என்னிடம் திரும்பி, "ரொம்ப நல்ல படம். நமக்கு எப்படித் தெரியாமப் போச்சு? யாரு எடுத்தது?" என்றார்.

"நீங்கதான்" என்றேன்.

"சும்மா இரு" என்று சிரித்துவிட்டார். வேலைக்காரி கிண்டல் செய்தால் சிரிப்பாரே, அந்த மாதிரி. இப்போதெல்லாம் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று படுகிறது.

மறுநாள் மதியம் மறுபடி போட்டேன். அவருக்கு அது புதுப் படம். அதே இடத்தில் தலையாட்டினார். முடிந்ததும், "நல்ல படம். யாரு எடுத்தது?" என்றார். இப்படியே தினமும். நான் ஒவ்வொரு நாளும் "நீங்கதான்" என்பேன், அவர் நம்ப மாட்டார். ஒரு நாள் அவரே, "எடுத்தவனை விடு. இதை வெட்டி ஒட்டினான் பாரு, அவன் ஆளு! படகைக் காட்டாம விட்டிருக்கான். எனக்கு அந்தத் தைரியம் வராது" என்றார்.

தம்பி, நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்படிச் சண்டை போட்ட மனுஷன்! அவர் அன்றே இதைச் சொல்லியிருந்தால் போதும், பெயர் வராததை எப்போதோ மறந்திருப்பேன். மாற்றினது அவர்தானா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் தெரியாது. அவர் நல்ல மனதோடு சொன்ன ஒரு பாராட்டை இந்தக் கேள்வி இல்லாமல் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

நேற்றும் போட்டேன். நல்ல மழை, சத்தத்தில் வசனம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. முடிந்ததும் வழக்கம்போல, "இதை வெட்டி ஒட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். நடுங்குகிற இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. உங்க மாதிரி ஒருத்தர் கிடைச்சா நானும் ஒரு படம் எடுப்பேன். உங்க பேரு என்ன?" என்றார்.

சொன்னேன்.

ஒரு தரம் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ஞாபகம் வெச்சுக்கிறேன்" என்றார்.

டிசம்பரில் நீ வா. யார் என்று கேட்பார், மனம் உடைந்துவிடாதே. குழந்தையையும் அழைத்து வா. சாலை வழுக்கும், பார்த்து நட.

அண்ணி